பிசோக்கேயா, கரிசிம்பியா?

கேள்வி: எனக்கு வயது 57. பவானியில் ஜமக்காள வியாபாரம் பார்த்துவந்தேன். இப்போது கடையை மகனிடம் கொடுத்துவிட்டேன். மகளும் மாப்பிள்ளையும் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் இருக்கிறார்கள். வரும் ஆகஸ்டில் நானும் வீட்டுக்காரம்மாவும் மூன்று வாரம் அங்கே போகிறோம். பக்கத்திலேயே எரிமலைகளுக்கென்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறதாம். கொரில்லா பார்க்க ஆளுக்கு 1,500 டாலர் என்று மகள் சொன்னாள், மலைத்துப்போனேன். ஆனால் மலை ஏறுவதற்குக் கட்டணம் கொஞ்சம்தானாம். வெள்ளியங்கிரி ஏழு மலையும் பல வருடமாக ஏறிவருகிறேன், அதுவும் வெறுங்காலில். அதனால் இருப்பதிலேயே உயரமான கரிசிம்பியை ஏறிவிடலாம் என்று எனக்கு ஆசை. மாப்பிள்ளை பிசோக்கே போதும் என்கிறார். யார் சொல்வது சரி? போகிற வழியில் கொரில்லா கண்ணில் பட்டால் காசு கேட்பார்களா? சில வருடம் முன்னால் டி.வி.யில் அந்தப் பக்கம் ஓர் ஊரை நோக்கி நெருப்பாறு ஓடியதைக் காட்டினார்கள், அதை நினைத்து வீட்டுக்காரம்மா பயப்படுகிறார். அவருக்கு முழங்கால் வலியும் உண்டு. அவர் எதைப் பார்க்கலாம்?
— ஒரு வாசகர், பவானி

பதில்: உங்கள் வீட்டம்மாவின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராமல் மற்ற எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தது 2021 மே 22 இரவு காங்கோவில் நியிரகோங்கோ குமுறியதை. விருங்கா என்ற அந்த மலைவரிசையில் பெரிய எரிமலைகள் எட்டு. ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் மூலையில் அவை நிற்கின்றன. ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதி மெல்லப் பிளந்துகொண்டிருக்கிறது. அந்தப் பிளவின் மேற்குக் கிளையில், நிலத்தின் மேலோடு மெலிந்த இடத்தில் குழம்பு மேலே வந்து வந்து குவிந்ததுதான் இந்த வரிசை. எட்டில் இன்றைக்கும் அடிக்கடி கனல்பவை இரண்டுதான், நியிரகோங்கோவும் நியமுலகிராவும். இரண்டுமே மேற்குக் கோடியில், காங்கோ எல்லைக்குள் இருக்கின்றன. நியிரகோங்கோவின் குழம்பில் சிலிக்கா மிகக் குறைவு, அதனால் அது கூழாக நகராமல் தண்ணீராகவே ஓடும். 1977இல் அதன் உச்சியில் இருந்த குழம்பு ஏரி உடைத்துக்கொண்டபோது சரிவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வரை வேகம் போனதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2002இல் கோமா நகரத்தின் நடுவே புகுந்து கிவு ஏரியில் போய் விழுந்தது. பயப்பட வேண்டிய மலைதான். ஆனால் நீங்கள் ஏறப்போவது அதை அல்ல.

ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் ஐந்து மலைகள் இருக்கின்றன. கரிசிம்பி 4,507 மீட்டர், முஹாபுரா 4,127, பிசோக்கே 3,711, கஹிங்கா 3,474. இவற்றோடு 3,600 மீட்டருக்குச் சற்று மேலே பல்வரிசை மாதிரி முகடுகளோடு நிற்கும் சபின்யோ. அதுதான் இவற்றில் மிகப் பழையது, மழையும் காலமும் அரித்து அரித்துத்தான் அந்த உருவம் வந்தது. இந்த ஐந்தும் உறங்குகின்றன. நிலவியலாளர்கள் பிசோக்கேயைச் செத்த மலை என்று எழுதிவிடாததற்கு ஒரே காரணம் 1957இல் நடந்த ஒரு சிறு குமுறல். அதுவும் உச்சியில் நடக்கவில்லை. உச்சியிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வடக்கே, அடிவாரத்தில் தரை பிளந்து இரண்டு சிறு கூம்புகள் எழுந்தன. ஆகஸ்டில் ஒரு நாள் ஏறி இறங்குகிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

நெருப்பைவிட நான் கவனிக்கச் சொல்வது எல்லையை. பிசோக்கேயின் உச்சியில் வட்டமாக ஓர் ஏரி இருக்கிறது. நாட்டு எல்லை அந்த உச்சி வழியாகவே போகிறது. நீங்கள் நிற்கும் கரை ருவாண்டா, எதிர்க்கரை காங்கோ. காங்கோவின் அந்தப் பகுதியில் முப்பது ஆண்டுகளாகத் துப்பாக்கிகள் ஓயவில்லை. 2025 ஜனவரியில் கோமா நகரமே எம்23 கிளர்ச்சிப் படையின் கைக்குப் போயிற்று. இவ்வளவுக்கும் நடுவில் ருவாண்டாப் பக்கத்துச் சுற்றுலா நடந்துகொண்டுதான் இருக்கிறது, உங்களோடு ஆயுதம் தாங்கிய காவலர்களும் மலைக்கு வருவார்கள். ஆனாலும் எல்லையோர நிலைமை ஒரு வாரத்தில் மாறக்கூடியது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் கிகாலியில் உள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடச் சொல்லி மாப்பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுங்கள். நியிரகோங்கோவின் வாயைப் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள்.

இனி மாமனார் - மாப்பிள்ளை வழக்கு. தீர்ப்பு மாப்பிள்ளைக்குத்தான்.

காரணத்தை உங்கள் வெள்ளியங்கிரியை வைத்தே சொல்கிறேன். பூண்டியிலிருந்து ஏழாம் மலை வரை நீங்கள் ஏறும் உயரம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் பிசோக்கேயிலும் ஏற வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் மீட்டர். கால்களுக்கு அது புதிதல்ல. வித்தியாசம் ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் தொட்டபெட்டாதான் உச்சம், 2,637 மீட்டர். பிசோக்கேயில் வண்டியை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கும் இடமே ஏறத்தாழ அந்த உயரத்தில் இருக்கிறது. நம் மாநிலம் முடிகிற உயரத்தில் அந்த மலை ஆரம்பிக்கிறது என்று வையுங்கள். 2,500 மீட்டரைத் தாண்டினால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரத் தொடங்கும். யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை உடற்பயிற்சியை வைத்துச் சொல்ல முடியாது. நாற்பது வயது மல்லன் சுருண்டு உட்காருவான், அறுபது வயதுக்காரர் தன் பாட்டுக்கு நடந்துபோவார். வெள்ளியங்கிரியில் எத்தனை முறை ஏறியிருந்தாலும் இந்தப் பரீட்சையை உங்கள் உடம்பு இன்னும் எழுதவில்லை.

பிசோக்கே உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கரிசிம்பி உச்சியில் அது பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இன்னொன்று, பிசோக்கே ஒரு பகல் வேலை; உச்சியில் தலை கிறுகிறுத்தாலும் மாலைக்குள் கீழே வந்துவிடுவீர்கள், கீழே வருவதுதான் அதற்கு மருந்தும். கரிசிம்பி இரண்டு நாள். முதல் நாள் ஏறி 3,700 மீட்டர் வாக்கில் கூடாரத்தில் படுக்க வேண்டும். அதாவது பிசோக்கேயின் உச்சி உயரத்தில், ஈரத்தில், உறைகிற குளிரில் ஓர் இரவு. பழக்கப்படாத உடம்புக்குத் தலைவலி பெரும்பாலும் அந்த இரவில்தான் வரும். மறுநாள் விடியுமுன் எழுந்து உச்சிக்குப் போனால், மேகம் இல்லாத நாளில் பார்வை அபாரமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. மேகம் இல்லாத நாள் அங்கே அபூர்வம். பாதி நாட்களில் மேலே பார்ப்பது ஆலங்கட்டியும் தொலைத்தொடர்புக் கோபுரமும்தான். உயரத்தின் கணக்குக்காக மட்டும் ஒரு மலையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கரிசிம்பியைப் பொறுத்தவரை இன்னும் அதிகமாகவே இல்லை.

உடம்பு ஒத்துழைத்து, மூன்று வாரத்தில் இரண்டாவது மலைக்கும் ஆசை மிச்சம் இருந்தால் முஹாபுராவைப் பாருங்கள். நான்காயிரம் மீட்டரைத் தாண்டினாலும் ஒரே நாளில் ஏறி இறங்கலாம். வரிசையின் கிழக்குக் கோடியில் தனியாக, கூம்பாக நிற்கும் மலை, மற்றவற்றைப் போலச் சேறு கிடையாது. ஆனால் செங்குத்து, நாள் முழுக்க ஏற்றம்தான். உகாண்டாப் பக்கம் இவற்றில் சில மலைகள் அடங்கிய காட்டுக்கு மகஹிங்கா கொரில்லா தேசியப் பூங்கா என்று பெயர். சபின்யோவை அங்கிருந்து மர ஏணிகளைப் பிடித்து ஏறினால் உச்சியில் மூன்று நாடுகளின் எல்லையும் ஒரே புள்ளியில் சேர்கிறது. ஏணிகள் பிடிக்கும் என்றால் போகலாம்.

பிசோக்கே நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலை ஏழு மணிக்குக் கினிகியில் உள்ள பூங்கா அலுவலகத்தில் இருக்க வேண்டும். கிகாலியிலிருந்து கினிகிக்கு இரண்டரை மணி நேரத்துக்குமேல் ஆகும். ஆகவே முந்தைய இரவே முசான்சேயிலோ கினிகியிலோ தங்கிவிடுங்கள். இரண்டு இரவு தங்கினால் உயரத்துக்கும் உடம்பு கொஞ்சம் பழகும். கிகாலியே ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் இருப்பதால் மகள் வீட்டில் முதல் வாரம் ஓய்வெடுப்பதும் ஒரு பயிற்சிதான். மலையை அந்த வாரம் வைக்காமல் இரண்டாம் வாரத்தில் வையுங்கள்.

கினிகியிலிருந்து மலையடிவாரம் வரை பாதை கரடுமுரடான எரிமலைக் கல். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் போகாதீர்கள், பூங்கா வண்டி தராது, நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். இருபுறமும் கரிய மண்ணில் உருளைக்கிழங்கு. இடையிடையே வெள்ளைப் பூக்கள் பூத்த வயல்களைப் பார்த்தால் அலங்காரப் பூ என்று நினைக்க வேண்டாம். அது பைரெத்ரம், பூவைக் காயவைத்துப் பூச்சிக்கொல்லி எடுக்கிறார்கள். கொசுவத்திச் சுருளுக்கு ஒரு காலத்தில் மூலப்பொருள் இதுதான். இந்தப் பூவுக்காகத்தான் 1960களின் இறுதியில் பூங்காவிலிருந்து ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் காட்டை வெட்டி எடுத்துக் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்று மிஞ்சியிருக்கும் பூங்கா மொத்தமே 160 சதுர கிலோமீட்டர்தான். இழந்த காட்டில் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்க்க இப்போது அரசு திட்டம் போட்டிருக்கிறது. அதற்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு மாற வேண்டும். காடு வெட்டும்போது யாரைக் கூப்பிட்டுக் குடியேற்றினார்களோ, காடு வளர்க்கும்போது அவர்களின் பிள்ளைகளைத்தான் கிளப்ப வேண்டியிருக்கிறது. வயல் முடிந்த இடத்தில் எரிமலைக் கல்லை அடுக்கிய ஒரு மதில் வரும். எருமைகள் வயலுக்குள் இறங்காமலிருக்கக் கட்டியது. அதைத் தாண்டியதும் மரநிழல், குளிர். ஒரு கல் அகலத்தில் இரண்டு உலகம்.

மதிலுக்கு அப்பால் முதலில் மூங்கில். பிறகு ஹஜீனியா மரங்கள், கிளையெல்லாம் பாசி தாடியாகத் தொங்கும். அதன் மேலே போகப் போக நம் ஊர்ச் செடிக் கணக்கு ஒத்துவராது. நம் பக்கம் கையளவுச் செடியாக இருக்கிற இனங்கள் அங்கே ஆளை மிஞ்சி நிற்கும்: லொபீலியா தூண் மாதிரி, செனீசியோ கோசுத் தலை வைத்த மரம் மாதிரி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே தினமும் பகலில் கோடை, இரவில் பனிக்காலம். அந்தக் குளிரைத் தாங்கக் காய்ந்த இலையை உதிர்க்காமல் தண்டைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வளர்வது செனீசியோவின் வழி. மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் இவற்றைப் பார்க்கலாம். அடிக்கடி நிற்பீர்கள்.

சேறு. மற்றவர்கள் உங்களிடம் உயரத்தைப் பற்றித்தான் சொல்வார்கள், நான் சேற்றைப் பற்றிச் சொல்கிறேன். மலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை. ஜூன் முதல் செப்டம்பர் நடுவரை உலர்காலம் என்று பெயரே தவிர, பிசோக்கேயில் உலர்ந்த பாதை கிடையாது. கணுக்கால் வரை சாதாரணம், சில இடங்களில் முழங்கால் வரை கறுப்புக் குழம்பில் கால் புதையும். ஒரு காலை உருவ மற்றக் காலை ஊன்ற வேண்டும், ஊன்றிய கால் உள்ளே போகும். ஏறுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிப்பது இதனால்தான். இறங்கும்போது வழுக்கும், கால்விரல் நகங்கள் காலணியின் முன்பக்கம் இடிக்கும். கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். சேற்றைத் தவிர்க்க ஓரச் செடியைப் பிடித்தீர்களோ, அது காஞ்சொறிச் செடிக்கு அண்ணன். துணியைத் தாண்டிச் சுணை ஏறும். தோட்ட வேலைக்குப் போடும் தடித்த கையுறை ஒன்று வாங்கிவையுங்கள்.

ஆகவே வெறுங்கால் யோசனையை மறந்துவிடுங்கள். வெள்ளியங்கிரியில் வெறுங்கால் பக்தி; இங்கே அப்படி யாரும் கேட்கவில்லை, காவலர்களும் விடமாட்டார்கள். கணுக்காலைப் பிடிக்கும் நீர்புகாத காலணி, அதன் வாயை மூடி முழங்கால்வரை கட்டும் கெய்ட்டர் உறை, இரண்டும் வேண்டும். காலணியைச் சென்னையிலோ கோவையிலோ வாங்கி ஒரு மாதம் நடந்து பழக்கிய பிறகே எடுத்துப்போங்கள். கைத்தடி வாங்க வேண்டாம். மூங்கில் தடி அங்கேயே தருவார்கள், அந்த ஒன்றில் மட்டும் உங்களுக்கு வெள்ளியங்கிரி ஞாபகம் வரும்.

கூடவே ஒரு சுமையாளை அமர்த்திக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் கிராமத்து இளைஞர்கள் சீருடையோடு நிற்பார்கள். ஒரு நாளைக்குப் பத்திலிருந்து இருபது டாலருக்குள் முடியும். என் பையை நானே தூக்குவேன் என்ற வீம்பு வேண்டாம். அவர் தூக்குவது பையை மட்டும் அல்ல, சேற்றில் உங்களையும்தான். மேலும் காட்டால் தங்களுக்குச் சோறு கிடைக்கிறது என்று அந்தக் கிராமம் உணர்வதற்கு இருக்கும் நேரடி வழி இது. பூங்கா வருமானத்தில் பத்து விழுக்காடு சுற்றுப்புறக் கிராமங்களின் பள்ளி, மருத்துவமனை, குடிநீருக்குப் போகிறது. அது அரசு வழியாகப் போகும் பணம். கையில் கிடைக்கும் கூலி வேறு. பேரம் பேசாமல் கொடுங்கள்.

உச்சியில் ஏரி தெரியுமா? எரிமலை வாயில் நிரம்பிய வட்ட ஏரி, ஏறத்தாழ 400 மீட்டர் குறுக்களவு. மேகம் மூடியிருந்தால் ஏரி இருப்பதே தெரியாது. பத்து நிமிடம் பொறுத்தால் சில நாட்களில் விலகும், சில நாட்களில் விலகாது. அதற்காக மேலே அதிக நேரம் காத்திருக்க வழிகாட்டி அனுமதிக்கமாட்டார், வியர்வை குளிர்ந்துவிடும். கனமான ஒரு கம்பளிச் சட்டையை நனையாமல் கொண்டுபோய் உச்சியில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே குளிர் விளையாட்டல்ல: 1990இன் இறுதியில், பிற்பாடு ருவாண்டா அதிபரான பால் ககாமேயின் கிளர்ச்சிப் படை, உள்நாட்டுப் போரில் பின்வாங்கி இந்த மலைகளில்தான் மாதக்கணக்கில் ஒளிந்திருந்தது. அவர்களில் சிலர் சண்டையில் அல்ல, இந்தக் குளிரில் விறைத்தே இறந்தார்கள். 1991 ஜனவரியில் இங்கிருந்து இறங்கித்தான் ருஹெங்கேரியைத் தாக்கினார்கள், அதுதான் இன்றைய முசான்சே, நீங்கள் இரவு தங்கப்போகும் ஊர். பூங்கா போர்க்களமாகி, வெளியாருக்கு மறுபடி ஒழுங்காகத் திறக்க 1999 ஆயிற்று.

கொரில்லா விஷயம். வழியில் கண்ணில் பட்டால் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் நின்று பார்க்கவும் விடமாட்டார்கள். பிசோக்கேச் சரிவுகளில் கொரில்லாக் குடும்பங்கள் உண்மையிலேயே திரிகின்றன. எதிர்ப்பட்டால் வழிகாட்டி சுற்றிக்கொண்டு போவார் அல்லது வேகமாகக் கடத்திவிடுவார். இதில் கட்டண வசூலைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம் சளி அவற்றுக்கு உயிர்க்கொல்லி. காசு கட்டிப் போகிறவர்களையே ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், முகக்கவசம், சில மீட்டர் தூரம் என்று கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் இந்த மலைவரிசை முழுவதிலும் ஏறத்தாழ 250 மலைக் கொரில்லாக்கள்தான் மிஞ்சியிருந்தன. 2015-16 கணக்கெடுப்பில் 604. உலகத்தில் பெருங்குரங்கு இனங்களில் எண்ணிக்கை ஏறிய கதை மிகச் சில, இது அவற்றில் ஒன்று. 2017 மே மாதம் ருவாண்டா கட்டணத்தை 750 டாலரிலிருந்து ஒரே அடியாக 1,500 ஆக்கியபோது நிறைய முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அந்த விலையில் குறை இல்லை. குறைவான கால்தடம், அதிகமான வருமானம். அதற்காக நீங்கள் கட்டத்தான் வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். உங்கள் மகள் அங்கே வசிக்கும் அனுமதி வைத்திருப்பதால் அவருக்குச் சலுகைக் கட்டணம் கிடைக்கலாம், ருவாண்டா வளர்ச்சி வாரியத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். பிசோக்கேக்கு வெளிநாட்டாருக்கு 75 டாலர் என்றுதான் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது, அதையும் அங்கேயே உறுதிசெய்துகொள்ளலாம்.

வீட்டம்மாவுக்குப் பிசோக்கே வேண்டாம், முழங்கால் வலியோடு அந்தச் சேற்றில் இறங்குவது தண்டனை. அவருக்கு இரண்டு வழி இருக்கிறது. முதலாவது தங்கக் குரங்குகள். விருங்கா வட்டாரத்தை விட்டால் அரிதாகவே காணக்கூடிய இனம், மூங்கில் காட்டில் கூட்டம் கூட்டமாகத் திரியும், முதுகு பொன்னிறமாக இருக்கும். கட்டணம் கொரில்லாவுக்கு ஆவதில் சிறு பங்கு. நடை பெரும்பாலும் அடிவாரத்தை ஒட்டியே, வயல்வெளியில் இருந்து அதிகம் ஏறாமல் முடிந்துவிடும். முழங்காலைக் கேட்டால் இதைத்தான் சொல்லும்.

இரண்டாவது, டயன் ஃபாஸியின் கல்லறை வரை நடப்பது. வலி குறைவாக இருக்கிற நாளில் மட்டும். பிசோக்கேக்குப் போகும் அதே அடிவாரத்தில் தொடங்கிப் பாதை பிரிகிறது. 3,000 மீட்டர் உயரம்வரைதான் போகும், கரிசிம்பிக்கும் பிசோக்கேக்கும் இடையில் உள்ள சேணம் போன்ற மேட்டில் முடியும். சேறு அங்கேயும் உண்டு, ஏற்றம் குறைவு. அமெரிக்கப் பெண்மணியான ஃபாஸி 1967 செப்டம்பரில் அந்த மேட்டில் கூடாரம் போட்டுக் கொரில்லாக்களைப் படிக்கத் தொடங்கினார். இரு மலைகளின் பெயரிலும் பாதிப் பாதி எடுத்து முகாமுக்குக் கரிசோக்கே என்று பெயர் வைத்தார். அவருக்கு மிகவும் பழகிய டிஜிட் என்ற ஆண் கொரில்லாவை வேட்டைக்காரர்கள் 1977 டிசம்பர் கடைசி நாளில் கொன்றார்கள். 1985 டிசம்பரில் ஃபாஸியையே அவருடைய குடிசையில் யாரோ வெட்டிக் கொன்றார்கள். யார் செய்தது என்பது இன்றுவரை சர்ச்சைதான். வேட்டைக்காரர்களிடம் அவர் நடந்துகொண்ட முறையும், உள்ளூர் மக்களை அவர் பார்த்த பார்வையும் எல்லோரும் மெச்சும்படி இல்லை. சுற்றுலாவையும் அவர் எதிர்த்தார். கடைசியில் கொரில்லாக்களைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு அந்தச் சுற்றுலாவுடையது. முகாமின் கட்டடங்கள் 1990களின் போரில் அழிந்துபோயின. ஃபாஸியின் கல்லறை டிஜிட்டின் கல்லறைக்குப் பக்கத்தில், மற்றக் கொரில்லாக்களின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே இருக்கிறது. மழையில் அங்கே போய் நின்று படம் எடுத்துத் திரும்ப வேண்டியதில்லை என்று வீட்டம்மா நினைத்தால், கினிகியிலேயே ஃபாஸி நிதியம் 2022இல் திறந்த வளாகத்தில் கண்காட்சி இருக்கிறது. மலையேற வேண்டாம், சேறும் இல்லை.

சில காகித வேலைகள். இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே நிறுத்தித் தனிமைப்படுத்தக்கூடும். கிகாலிக்குப் பெரும்பாலும் அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ விமானம் மாறித்தான் போவீர்கள். எத்தியோப்பியாவும் கென்யாவும் இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கின்றன. பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் ஊசி போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். உங்கள் வயதில் போடுமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ரத்த அழுத்தம், இதயம் பற்றியும் சேர்த்தே. உயரத்துக்கு மாத்திரை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, அசெட்டசோலமைடு, அதையும் மருத்துவர் சொன்னால் மட்டும். ருவாண்டாவில் பாலித்தீன் பைகளுக்கு 2008இலிருந்தே தடை, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். நனையாமலிருக்கத் துணிமணியைப் பாலித்தீனில் சுற்றி எடுத்துப்போகும் நம் வழக்கம் அங்கே செல்லாது, நீர்புகாத் துணிப்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுச்சோறு கொண்டுபோகலாம்; மகளை எலுமிச்சைச் சோறு கட்டித்தரச் சொல்லுங்கள், டப்பாவில்.

ஆகஸ்ட் கூட்டமான மாதம். பிசோக்கேக்கு இடம் கிடைப்பது கொரில்லா மாதிரி கடினம் இல்லை. ஆனாலும் தேதியைப் பதிவுசெய்து கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மாதம் இரண்டு இருக்கும்போதே பதிந்துவிடலாம். பதியும்போது மாப்பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். போதும் என்று சொன்னவரும் கூட ஏறட்டும்.